மாடிஃபை செய்த டீசல் காரை விற்க: காருக்குத் தனி விலை, பாகங்களுக்குத் தனி விலை

கேள்வி: கோவையில் 2014 நவம்பரில் பதிவான போலோ ஜி.டி. டி.டி.ஐ., 1.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர், முதல் ஓனர், 92,000 கி.மீ. சர்வீஸ் ஒன்றுகூடத் தவறவில்லை. ஸ்டேஜ் 1 ரீமேப் (கூடுதல் சக்திக்காக எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது), காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங், 16 அங்குல அலாய், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், எச்.ஐ.டி. புரொஜெக்டர் விளக்கு என மூன்று லட்சத்துக்கு மேல் செலவு செய்திருக்கிறேன். கார் கன்சல்டிங்காரர்கள் மாடிஃபை செய்யாத காருக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கேட்கிறார்கள். நியாயமான விலைக்கு எப்படி விற்பது?

பதில்: கன்சல்டிங்காரர் குறைத்துக் கேட்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. அவர் அடுத்து விற்கப்போவது பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கு. அவர்கள் தாழ்ந்து நிற்கும் காரையும் பெரிய சத்தத்தையும் பார்த்தவுடன் "இதை எப்படி விரட்டியிருப்பார்களோ" என்றுதான் நினைப்பார்கள். எனவே எல்லாவற்றையும் ஸ்டாக்குக்கு, அதாவது கம்பெனி கொடுத்த நிலைக்கு, திருப்பும் செலவை அவர் உங்கள் விலையிலிருந்து முன்கூட்டியே கழித்துவிடுகிறார். அந்த வேலையை நீங்களே செய்தால் கழிவு நிற்கும், கழற்றிய பாகங்களும் உங்களிடம் இருக்கும். உங்களிடம் விற்க இரண்டு சரக்கு இருக்கின்றன: நன்றாகப் பராமரித்த ஒரு டீசல் கார், நல்ல நிலையில் உள்ள சில பாகங்கள். இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே விலைக்குக் கொடுத்தால் ஏதாவது ஒன்றுக்குப் பணம் வராது.

முதலில் உங்கள் கையில் இருக்கும் காரின் மதிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது ஃபோக்ஸ்வாகன் இந்தியாவில் இந்த டீசல் எஞ்சினை நிறுத்தியது. மாருதியும் அப்போதுதான் டீசலை விட்டது. 2022-இல் போலோவே நின்றுபோனது. 105 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர் தரும் சின்ன டீசல் ஹேட்ச்பேக் புதிதாக வேண்டும் என்பவருக்கு இன்று ஷோரூமில் அதற்கு ஈடான வண்டி கிடையாது. ஆகவே தேடி வருபவர்கள் இரண்டு வகை. மாதம் நிறைய ஓடுபவர்கள் மைலேஜுக்காக வருவார்கள். வண்டிப் பித்து உள்ளவர்கள் இந்த எஞ்சினுக்காகவே வருவார்கள். இரண்டாவது வகைக்கு உங்கள் மாடிஃபிகேஷன் பிடிக்கும் என்று நீங்கள் நம்பலாம். ஆனால் விஷயம் தெரிந்தவர் இன்னொருவர் போட்ட ரீமேப்பை விரும்புவதில்லை. கைபடாத எஞ்சினை வாங்கித் தனக்கு நம்பிக்கையான டியூனரிடம் கொண்டுபோவார்.

இன்னொரு பலமும் உங்களுக்கு உண்டு. டெல்லியில் 10 வருடம் கடந்த டீசல் கார்களுக்கு வந்த கட்டுப்பாட்டால் அங்கிருந்து பல வண்டிகள் என்.ஓ.சி. (ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று) வாங்கித் தெற்கே வந்திருக்கின்றன. விலை குறைவு, ஆனால் வரலாறு தெரியாது. தமிழ்நாட்டுப் பதிவு, முதல் ஓனர், முழு சர்வீஸ் ரெக்கார்ட் ஆகிய மூன்றையும் விளம்பரத்தின் முதல் வரியில் வையுங்கள். ஆர்.சி. 2029 நவம்பர் வரை செல்லும், அதற்குப் பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். வாங்குபவர் மீதி வருடங்களை எண்ணித்தான் விலை பேசுவார். இந்த விற்பனையைத் தள்ளிப்போடுவது உங்களுக்கு லாபமில்லை.

சட்டம் பற்றியும் தெளிவு வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ளது மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பாலக்காட்டிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வாங்க வருபவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள், கேரளத்தில் மோட்டார் வாகனத் துறை மாடிஃபிகேஷனில் கண்டிப்பு. மறுபதிவுக்கு வண்டியை நேரில் காட்ட வேண்டி வரும்போது சத்தமான எக்ஸாஸ்ட்டும் எச்.ஐ.டி. விளக்கும் அங்கேயே பிரச்சினையாகும்.

இனி ஸ்டாக்குக்குத் திருப்பும் வேலை. இதற்கு ஒரு வரிசை உண்டு. எக்ஸாஸ்ட்டை முதலில் மாற்றுங்கள். ஃப்ரீ ஃப்ளோ என்றால் பின் மஃப்ளர் மட்டும் மாற்றியதா, டவுன்பைப்பில் இருந்த, புகையைச் சுத்தமாக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரையே எடுத்துவிட்டதா என்று பாருங்கள். கன்வெர்ட்டர் இல்லையென்றால் அதைத் திரும்பப் போடாமல் விற்க முயல வேண்டாம். டெயில்பைப்பில் வரும் கார வாசனையே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது எஞ்சின் கம்ப்யூட்டர், அதாவது ஈ.சி.யூ. வேலை. ரீமேப் செய்தவரிடம் உங்கள் வண்டியின் ஒரிஜினல் ஃபைல் பேக்கப் இருக்க வேண்டும். அதையே திரும்ப எழுதச் சொல்லுங்கள், "இதே மாடலின் ஸ்டாக் ஃபைல் இருக்கிறது" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாஃப்ட்வேர் பதிப்பும் இம்மொபிலைசர் தரவும் வண்டிக்கு வண்டி வேறுபடும். இன்னொன்றையும் சரிபாருங்கள். உங்கள் காரில் உள்ள ஈ.ஏ.189 வகை எஞ்சின் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டு சாஃப்ட்வேர் விவகாரத்தில் ஃபோக்ஸ்வாகன் 2015 டிசம்பரில் இந்தியாவில் சுமார் 3.23 லட்சம் கார்களுக்கு ரீகால் அறிவித்தது. உங்கள் வண்டியின் தயாரிப்புக் காலம் அதற்குள் வருகிறது. சேஸ் நம்பரைக் கொடுத்து அந்த அப்டேட் நடந்ததா, எப்போது நடந்தது என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ரீமேப்புக்குப் பிறகு நடந்திருந்தால் ரீமேப் ஏற்கெனவே அழிந்துபோயிருக்கலாம். ரீமேப்புக்கு முன் நடந்திருந்தால் எந்தப் பதிப்பு பேக்கப்பில் இருக்கிறது என்று டியூனரிடம் உறுதி செய்யுங்கள்.

ஸ்டாக் ஃபைலை எழுதிய பிறகு நெடுஞ்சாலையும் நகரமுமாக 200, 300 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். டர்போவின் பூஸ்ட் அழுத்தம் குறைவு, ஈ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் அமைப்பு) ஓட்டம் போன்ற ஃபால்ட் கோடு இருந்தால் உடனே வராது, ஓட்டிய பிறகே வரும். ஒன்றும் இல்லை என்றால் அந்த ரிப்போர்ட்டைத் தேதியோடு அச்சிட்டு வையுங்கள். ஸ்டாக்குக்குத் திரும்பினாலும் ரீமேப் இருந்ததை வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஃபைலைத் திரும்ப எழுதினாலும் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை ஈ.சி.யூ.வில் தங்கியிருக்கும். அதைவிட முக்கியம், ஸ்டேஜ் 1 ரீமேப்பில் டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) பொதுவாக 20 முதல் 30 சதவீதம் வரை கூடும். கிளட்ச்சும், அதோடு சேர்ந்து எஞ்சின் அதிர்வைத் தணிக்கும் டுயல் மாஸ் ஃப்ளைவீலும் அத்தனை நாள் அந்தப் பாரத்தைச் சுமந்திருக்கின்றன. அதைத் தெரிந்துகொள்ள வாங்குபவருக்கு உரிமை உண்டு. (டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர் உள்ள டீசல் வென்டோ வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும், இன்னும் கூடுதலாக. அந்த ஏழு கியர் டிரை கிளட்ச் பெட்டியின் வரம்பே 250 நியூட்டன் மீட்டர்தான்.)

சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதாது. 30, 40 மி.மீ. தாழ்ந்த ஸ்பிரிங்கோடு ஸ்டாக் ஷாக் அப்சார்பர் ஓடியிருந்தால், அது தனக்கு விதித்ததைவிடக் குறைந்த இடத்தில் அடித்து அடித்துத் தேய்ந்திருக்கும். எண்ணெய்க் கசிவு, ஸ்ட்ரட் டாப் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றைப் பார்த்துத் தேவையானதை மாற்றி, வீல் அலைன்மென்ட் செய்து அந்த அச்சுத்தாளை வைத்துக்கொள்ளுங்கள். டயரின் உள்பக்கம் தேய்ந்திருந்தால் வாங்குபவரின் மெக்கானிக் கைவைத்தவுடன் கண்டுபிடிப்பார். அலாயைக் கழற்றி ஸ்டாக் வீலுக்கு வரும்போது 185/60 ஆர்15 டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கொட்டகையில் பல வருடம் கிடந்த டயருக்கு பள்ளத்தின் ஆழம் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், அதைப் புதிது என்று சொல்ல முடியாது.

விளக்கு வயரிங்கில் நிறைய விற்பனை முறிகிறது. எச்.ஐ.டி. பேலஸ்டுக்காக ஒரிஜினல் வயரை வெட்டி டேப் சுற்றி வைத்திருந்தால், எந்த மெக்கானிக்கும் "வேண்டாம் சார், எலக்ட்ரிக்கல் பிரச்சினை வரும்" என்று சொல்லிவிடுவார். வெட்டிய இடங்களைக் கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு ஒரிஜினல் கனெக்டருக்குக் கொண்டுவாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் யாரோ செருகிய கூடுதல் வயர் ஏதும் இருக்கக் கூடாது. சன் ஃபிலிம், பிரஷர் ஹார்ன் இருந்தால் அவையும் போகட்டும். நல்ல ஸ்பீக்கர், டேம்பிங் ஷீட், தரமான பிரேக் பேட் ஆகியவற்றை விட்டுவிடலாம், அவை யாரையும் பயமுறுத்துவதில்லை.

இப்போது எஞ்சினின் ஆரோக்கியத்துக்குச் சான்று. டீசல் காரில் வாங்குபவரின் பயம் நான்கு: இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச்சோடு ஃப்ளைவீல், டைமிங் பெல்ட். நான்குக்கும் நீங்களே முன்கூட்டி விடை வைத்திருந்தால் பேரம் பாதி குறையும். இன்ஜெக்டருக்கு லீக்-ஆஃப் சோதனை: எஞ்சின் ஐடிலில் ஓடும்போது நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் டீசலை நான்கு குழாயில் பிடித்து அளவு பார்ப்பது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக அதிகம் வந்தால் அது தேய்ந்த இன்ஜெக்டர். டர்போவுக்கு இன்டேக் குழாயைக் கழற்றி ஷாஃப்ட்டை விரலால் அசைத்துப் பார்ப்பார்கள். இலேசான பக்க ஆட்டம் இயல்பு, முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தால் கெட்டது. இன்டர்கூலர் குழாயில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பதும் இயல்புதான், எண்ணெய் தேங்கியிருந்தால் காரணம் தேட வேண்டும்.

கிளட்ச்சுக்கு நேரான சாலையில் நான்காவது கியர், 1,500 ஆர்.பி.எம்., முழு ஆக்சிலரேட்டர். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். முள் மட்டும் துள்ளினால் கிளட்ச் வழுக்குகிறது. ஐடிலில் பெடலை விட்டிருக்கும்போது கடகட சத்தம் வந்து மிதித்தால் மாறுகிறதா, எஞ்சினை அணைக்கும்போது இடி போல் ஒரு தட்டல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டுயல் மாஸ் ஃப்ளைவீல் தேய்ந்திருக்கிறது.

புகைச் சோதனைச் சீட்டை யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. பி.எஸ். 4 டீசலுக்கு அனுமதிக்கப்பட்ட ஒளி உறிஞ்சல் அளவு 1.62. ஸ்டாக்குக்குத் திருப்பிய பிறகு எடுத்த சீட்டில் எண் 1-க்குக் கீழே இருந்தால், இன்ஜெக்டரும் காற்று வழியும் நன்றாக இருப்பதாகப் புரிந்த வாங்குபவர் எடுத்துக்கொள்வார். 1.5-ஐ நெருங்கினால் விளம்பரம் போடுவதற்கு முன் ஏர் ஃபில்டர், ஈ.ஜி.ஆர். வால்வு, இன்டேக் மேனிஃபோல்டில் படிந்த கரி ஆகியவற்றைப் பாருங்கள்.

எதைச் சரிசெய்து விற்பது, எதை அப்படியே சொல்லிக் கழிப்பது? டைமிங் பெல்ட் கம்பெனி அட்டவணைப்படி நெருங்கிவிட்டது என்றால், அல்லது பத்து வருடமாக மாற்றவே இல்லை என்றால், டென்ஷனர், வாட்டர் பம்ப்போடு மாற்றி பில்லை வையுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி எஞ்சினே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், இந்தச் செலவு விலையில் திரும்ப வரும். டீசல் ஃபில்டர், எஞ்சின் ஆயில், பேட்டரி ஆகியவையும் அப்படியே. கிளட்ச், ஃப்ளைவீல் செட் பெரிய செலவு. வழுக்காதவரை தொடாதீர்கள், நிலையைச் சொல்லி விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். பம்பர் கீறலுக்கு முழுப் பெயின்ட் வேண்டாம். இப்போது பெயின்ட் தடிமன் மீட்டர் எல்லோரிடமும் இருக்கிறது. கம்பெனி பெயின்ட் 80 முதல் 150 மைக்ரான் வரை காட்டும், மறு பெயின்ட் அதைத் தாண்டும், பட்டி போட்ட இடம் பல நூறு காட்டும். சின்னக் கீறலை மறைக்கப் போய் "ஆக்சிடென்ட் வண்டி" என்ற பேர் வாங்க வேண்டாம். பானெட்டுக்குள் எஞ்சின் இருக்கும் பகுதியைப் பளபளவென்று கழுவுவதும் வேண்டாம். கசிவை மறைக்கக் கழுவியதாகத்தான் நினைப்பார்கள். ஈரத் துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

கழற்றிய பாகங்களுக்கு வருவோம். அலாயை விற்கும்போது அளவு முழுவதையும் எழுதுங்கள்: அகலம், ஆஃப்செட், போல்ட் அமைப்பு 5x100, நடுத்துளை 57.1 மி.மீ. இது போலோ, வென்டோ, ரேபிட் மூன்றுக்கும் பொருந்தும், அதனால் சந்தை பெரிது. ஸ்பிரிங்கோடு எந்த எஞ்சினுக்கானது என்று குறிப்பிடுங்கள். டீசல் எஞ்சின் கனம், பெட்ரோல் வண்டிக்கு அதே ஸ்பிரிங் உயரம் மாறி நிற்கும். ஒரிஜினல் பில், பெட்டி இருந்தால் நல்லது. நல்ல பிராண்டுக்கு வாங்கிய விலையில் பாதி வந்தாலே கொடுத்துவிடலாம். ரீமேப் பணம் திரும்ப வராது, சில டியூனர்கள் அதே எஞ்சின் உள்ள உங்கள் அடுத்த காருக்கு மாற்றித் தருவார்கள், கேட்டுப் பாருங்கள். விளம்பரத்தைப் பார்த்து வரும் ஆள் பாகங்களோடே வேண்டும் என்றால் சந்தோஷம், ஆனால் காருக்கு ஒரு ரசீது, பாகங்களுக்கு வேறு ரசீது.

விலையைத் தீர்மானிக்க உங்கள் செலவுக் கணக்கை எடுத்து வைக்காதீர்கள். அதே வருடம், அதே எஞ்சின், தமிழ்நாட்டுப் பதிவு உள்ள எட்டுப் பத்து விளம்பரங்களை மூன்று வாரம் கவனியுங்கள். ஒரு வாரத்துக்குள் காணாமல் போகும் விளம்பரத்தின் விலைதான் சந்தை விலை. மாதக்கணக்கில் நிற்பது உரிமையாளரின் ஆசை. அந்தச் சந்தை விலைக்கு மேல் முதல் ஓனர், முழு ரெக்கார்ட், புது பெல்ட் ஆகியவற்றுக்காக ஒரு நியாயமான தொகை கேட்கலாம், பில் கோப்பு அதைத் தாங்கும். கோப்பில் சர்வீஸ் பில்களைத் தேதி, கி.மீ. வரிசையில் அடுக்குங்கள். வரிசையாக ஏறும் கி.மீ. எண்தான் மீட்டரைத் திருப்பவில்லை என்பதற்கு ஆதாரம். ஓடோமீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டுவதற்குள் விற்றுவிடுவது நல்லது, தேடுபவர்கள் பலர் ஆன்லைனில் அந்த எல்லையில் வடிகட்டிவிடுகிறார்கள்.

பார்க்க வருபவரைக் காலையில் வரச் சொல்லுங்கள், எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த எஞ்சின் ஒரே சுற்றில் பிடிப்பதைக் காட்டுவது எந்தப் பேச்சையும்விட மேல். ஆயில் மூடியைத் திறந்து வைத்து அவரே பார்க்கட்டும், அங்கே அழுத்தமாகப் புகை தள்ளினால்தான் பிஸ்டன் ரிங் தேய்மானம். டெஸ்ட் டிரைவுக்கு அவருடைய ஒரிஜினல் லைசென்ஸைப் பார்த்த பிறகே சாவி, நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர் தன் மெக்கானிக்கைக் கூட்டி வந்தால் வரவேற்கவும்.

கைமாற்றும் வேலையில் சோம்பல் கூடாது. கடன் அடைத்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும், வங்கி என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் கொடுத்து முதலில் அதை நீக்குங்கள். இ-சலான் நிலுவையைக் கட்டுங்கள். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30, வெளி மாநிலம் என்றால் ஃபார்ம் 28 என்.ஓ.சி.யும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்ற 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். வாங்குபவரின் பெயர் எழுதாத வெற்று ஃபார்மில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுக்கவே கூடாது. பதிவேட்டில் பெயர் யாருடையதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, கார் நாலு கை மாறியிருந்தாலும். கன்சல்டிங்கிடமே விற்றால், 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி அங்கீகாரம் பெற்ற டீலரா என்று கேட்டு, வண்டியை ஒப்படைத்ததை ஃபார்ம் 29சி மூலம் பரிவாஹன் என்ற அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் பதிவு செய்யுங்கள்.

பணம் வங்கி வழியாகவே வரட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரிச் சட்டத்தில் அபராதம் உண்டு. டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும், மீட்டர் எண்ணையும், "இந்தக் காரில் முன்பு ரீமேப் இருந்தது, இப்போது ஒரிஜினல் ஃபைல் உள்ளது" என்ற வரியையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒரு பிரதி. அன்றே ஃபாஸ்டேகை மூடுங்கள். நோ கிளைம் போனஸ் காருக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான சான்று வாங்கினால் 3 வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காரின் சொந்தச் சேத இன்சூரன்ஸ் பிரீமியத்தில் அதிகபட்சம் 50 சதவீதம் வரை கழியும். பரிவாஹன் தளத்தில் புதுப் பெயர் ஏறும்வரை வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருங்கள். 30 நாள் கடந்தும் ஏறவில்லை என்றால் டெலிவரி நோட் பிரதியோடு நேரே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, முத்திரை போட்ட ஒப்புகை வாங்கி வையுங்கள்.